லிமிட் என்னும் வரப்பு

அக்கா மகள் பிளஸ் டூ படிக்கிறாள். போன மாதம் காங்கேயம் பக்கம் அவர்கள் தோட்டத்துக்குப் போயிருந்தபோது ஆங்கில நோட்டோடு திண்ணைக்கு வந்தாள். "ஏனுங் மாமா, லிமிட், ரெஸ்டிரிக்ட், கன்ஃபைன் மூணுக்கும் அகராதியில கட்டுப்படுத்துன்னுதான் போட்டிருக்குது. அப்புறம் எதுக்குங் மூணு வார்த்தை?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. இந்த மூன்று வினைச்சொற்களுக்குள்ளும் மூன்று வேறு வேறு காட்சிகள் ஒளிந்திருக்கின்றன. மூன்றும் அவள் வீட்டைச் சுற்றியே கிடக்கின்றன.

லிமிட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். இது லத்தீனில் லீமெஸ் என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தது. லீமெஸ் என்றால் இரண்டு நிலங்களுக்கு நடுவே ஓடும் எல்லைப் பாதை. எல்லையாகவும் இருக்கும், அதன்மேல் நடக்கவும் செய்யலாம். கோபிச்செட்டிபாளையம் பக்கம் நெல்வயலைப் பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. வரப்பு! ரோமானியர்கள் நாடு பெருகப் பெருக அதே சொல்லைப் பேரரசின் எல்லைக்கும் வைத்தார்கள். வயலிலிருந்து புறப்பட்ட சொல் பிறகு அளவு, நடத்தை, அதிகாரம் என்று எல்லாவற்றுக்கும் பரவிவிட்டது.

எனக்கு வியப்பாக இருப்பது என்னவென்றால், தமிழும் இதே வழியில்தான் நடந்திருக்கிறது. வரம்பு என்ற பழைய சொல்லுக்கு வயலின் கரை என்றும் பொருள், எல்லை என்றும் பொருள். இன்று வயலில் இருப்பதை வரப்பு என்கிறோம். "வரம்பு மீறிப் பேசாதே" என்று திட்டும்போதும் 'வேக வரம்பு' என்று எழுதும்போதும் அந்த மெல்லின வடிவத்தை எடுக்கிறோம். ஒரே சொல் இரண்டாகப் பிரிந்து, ஒன்று சேற்றிலேயே தங்கிவிட, மற்றது ஒழுக்கத்துக்கும் சாலைக்கும் போய்விட்டது. லத்தீனுக்கும் தமிழுக்கும் உறவு கிடையாது. பிறகு எப்படி இரண்டும் ஒரே தடத்தில் வந்தன?

1980இல் மொழியியலாளர் ஜார்ஜ் லேகாஃப், தத்துவ அறிஞர் மார்க் ஜான்சன் இருவரும் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றி யோசிக்க மனம் உடம்பின் அனுபவத்தைக் கடன் வாங்குகிறது. உருவகம் பேச்சுக்குப் போடும் அலங்காரம் அல்ல, சிந்தனை ஓடுவதே அதன்மேல்தான் என்பது அவர்கள் கருத்து. கோபத்தின் அளவை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் வரப்பைத் தாண்டி அடுத்தவர் வயலில் கால் வைப்பது எப்படி இருக்கும் என்று உழுது பிழைக்கும் எல்லா ஊரிலும் தெரியும். அதனால் கோபமும் 'எல்லை தாண்டுகிறது'. மொழி எதுவானாலும் மூலதனம் ஒன்றுதான்.

சரி, ரெஸ்டிரிக்ட்? இது இறுக்கிக் கட்டுவது. லத்தீனில் ஸ்டிரிங்கெரெ என்றால் இறுக்குதல். 'ஸ்ட்ரிக்ட் வாத்தியார்' என்கிறோமே, அந்த ஸ்ட்ரிக்ட்டும் இதே வேர்தான். அவள் வீட்டில் ஒரு செவலை மாடு இருக்கிறது. வேலி கண்ட இடமெல்லாம் தாண்டும். அதற்கு அண்ணாங்கால் போட்டிருந்தார்கள். கழுத்துக்கும் முன்னங்காலுக்கும் சேர்த்து ஒரு கயிறு. மாடு மேயும், நடக்கும், தலையைத் தூக்கி ஓடத்தான் முடியாது. காட்டில் எந்த எல்லையும் மாறவில்லை, மாட்டின் கால்தான் கட்டுண்டது. ரெஸ்டிரிக்ட் என்பது அதுதான்.

கன்ஃபைன் என்பது பட்டியில் அடைப்பது. ஃபீனிஸ் என்றால் எல்லை. கன்ஃபீனிஸ் என்றால் எல்லையைப் பகிர்ந்துகொள்பவர், அதாவது நம்மோடு பொழி (காட்டின் எல்லை) ஒட்டியிருக்கும் பக்கத்துக் காட்டுக்காரர். பக்கத்தில் இருப்பது என்ற பொருள் மெல்ல எல்லைக்குள் இருப்பது என்றாகி, கடைசியில் எல்லைக்குள் அடைப்பது என்று முடிந்தது. மேய்ச்சல் நிலமான கொறங்காட்டைச் சுற்றிக் கிளுவை முள்ளை வேலியாக வளர்த்து, உள்ளே கொழுக்கட்டைப் புல்லில் மாட்டை விட்டுவிடுகிறோமே, மாட்டின் காலில் கயிறு இல்லை. ஆனால் வெளியே போக வழியும் இல்லை. நோயாளி படுக்கையோடு கிடப்பதற்கும் கைதி அறையில் இருப்பதற்கும் ஆங்கிலம் இந்தச் சொல்லைத்தான் எடுக்கும்.

இவற்றைப் பிரித்தறிய நான் அவளுக்குச் சொன்ன வழி, எந்தக் கேள்வி முன்னால் நிற்கிறது என்று பார்ப்பது. எவ்வளவு என்றால் லிமிட். யாருக்கு, எதற்கு அனுமதி என்றால் ரெஸ்டிரிக்ட். எங்கே என்றால் கன்ஃபைன். வேகத்துக்கு லிமிட், ராணுவப் பகுதிக்கு ரெஸ்டிரிக்டட், சிறைக்கு கன்ஃபைன்மென்ட். நெல்லை அளப்பதுபோலச் சுத்தமாகப் பிரிந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். ஐம்பது பேருக்கு மேல் உள்ளே விடாததற்கு லிமிட், ரெஸ்டிரிக்ட் இரண்டையுமே ஆங்கிலக்காரர் சொல்வார்கள். ஒரு சொல்லை அது சேரும் கூட்டத்தை வைத்து அறியலாம் என்று ஆங்கிலேய மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த் 1957இல் சொன்ன கருத்து இங்கேதான் கைகொடுக்கும். அகராதிப் பொருளை மனப்பாடம் செய்வதைவிட, பக்கத்தில் எந்தப் பெயர்ச்சொல் உட்கார்ந்திருக்கிறது என்று நாலு வாக்கியம் பார்ப்பது மேல்.

லிமிட்டில் இன்னொரு நுணுக்கம். அதன் பின்னால் 'டு' என்ற சிறு சொல் வரும். வரப்பு எந்த இடத்தில் நிற்கிறது என்று காட்டும் கல் அது. டீயைத் தினம் இரண்டு டம்ளருக்கு லிமிட் செய்தாள் என்பது ஆங்கிலத்தின் அமைப்பு. இதை "இரண்டு டம்ளருக்கு வரையறுத்தாள்" என்று தமிழில் எழுதினால் படிக்கவே கூசும். நாம் "இரண்டு டம்ளரோடு நிறுத்திக்கொண்டாள்" என்போம். ஆங்கிலம் ஓர் எல்லைவரை போகிறது. தமிழ் அந்த இரண்டாவது டம்ளரைக் கையில் பிடித்தபடியே நிற்கிறது. இந்த 'ஓடு' இருக்கிறதே, அதன் அழகைப் பள்ளியில் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை என்பது எனக்கு நிஜமான வருத்தம்.

லிமிட்டோடு குழப்பிக்கொள்ளக் கூடாத தங்கை ஒருத்தி உண்டு, டீலிமிட். இது எதையும் குறைப்பதில்லை, கோடு எங்கே என்று மட்டும் சொல்கிறது. நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. 2008இல் நடைமுறைக்கு வந்த தொகுதி மறுவரையறையில் கோபிச்செட்டிபாளையம், திருச்செங்கோடு மக்களவைத் தொகுதிகள் மறைந்தன. திருப்பூரும் ஈரோடும் தொகுதிகளாயின. தமிழ்நாட்டின் மொத்த எண்ணிக்கை அதே 39. எண்ணைத் தொடாமல் கோட்டை மட்டும் நகர்த்தினார்கள். அது டீலிமிட். அந்த 39ஐ ஏறாமல் வைத்திருப்பது வேறு வேலை, அதற்குத்தான் லிமிட் பொருந்தும்.

தமிழில் வரையறை என்ற ஒரே சொல் எல்லைக்கும் வரும், ஒரு சொல்லின் பொருள் விளக்கத்துக்கும் வரும். ஆங்கிலத்தின் டிஃபைனும் அந்த ஃபீனிஸ் வீட்டுப் பிள்ளைதான். ஒரு சொல்லுக்குப் பொருள் எழுதுவதும் காட்டில் பொழிக்கல் நடுவதும் இரண்டு மொழிக்கும் ஒரே காரியமாகத் தெரிந்திருக்கிறது.

மறுநாள் அவளும் நானும் திருப்பூருக்குப் பஸ்ஸில் போனோம். படியூர் தாண்டியதும் வழியெல்லாம் மில், பனியன் கம்பெனி போர்டுகள். எல்லாம் பிரைவேட் லிமிடெட். "இங்க எதுங் மாமா லிமிட் ஆயிருக்குது? யாவாரமா?" என்றாள்.

யாவாரம் இல்லை, கடன் பொறுப்பு. முன்பெல்லாம் கூட்டாகத் தொழில் செய்து நொடித்துப் போனால், கடன் கொடுத்தவர் பங்காளிகளின் சொந்த வீடுவரை வரலாம். பிரிட்டனில் 1855இல் ஒரு சட்டம் வந்து, பங்குதாரரின் பொறுப்புக்கு ஒரு வரப்பு கட்டியது. நம் நாட்டிலும் அந்த முறைதான். கம்பெனி மூழ்கினால் பங்குதாரர் பங்குக்குப் போட்ட பணம் போகும். அந்தப் பங்குக்கே தர வேண்டிய பாக்கி இருந்தால் அதையும் தர வேண்டும். பேங்க் கடனுக்குச் சொந்த ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அது தனிக் கதை. மற்றபடி அவருடைய தோட்டமும், கிணறும், வீட்டம்மாவின் நகையும் பொழிக்கு இந்தப் பக்கம்.