சாவி வரம்பைக் கொடுத்தால் தரவுத்தளம் என்ன செய்கிறது?

பத்துக் கோடிப் பதிவுகள் உள்ள ஓர் அட்டவணையில், முதன்மைச் சாவி (ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் மதிப்பு) 5,00,001 முதல் 5,01,000 வரை உள்ள பதிவுகளை மட்டும் கேட்டால், தரவுத்தளம் அவற்றை நொடியில் மிகச் சிறு பகுதிக்குள் எடுத்துத் தந்துவிடும். இன்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் வரிசைப்பட்டியல்) இல்லாத ஒரு நெடுவரிசையை வைத்து அதே ஆயிரம் பதிவுகளைக் கேட்டாலோ, அட்டவணை முழுவதையும் படித்துப் பார்ப்பதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. சாவிகள் முன்கூட்டியே வரிசைப்படுத்தி வைக்கப்பட்டிருப்பதுதான் இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

அந்த வரிசையைக் காப்பது பி-மரம் எனும் அமைப்பு. ருடால்ஃப் பேயர், எட்வர்ட் மெக்கிரைட் ஆகிய இருவரும் போயிங் நிறுவனத்தின் ஆய்வகத்தில் இதை உருவாக்கி, 1972-இல் விரிவான கட்டுரையாக வெளியிட்டனர். இன்றைய தரவுத்தளங்களில் பெரும்பாலும் இதன் வழிவந்த பி-பிளஸ் மரமே உள்ளது. அதில் தரவு, பக்கங்கள் எனும் சம அளவுத் துண்டுகளாக வைக்கப்படுகிறது; மேல்நிலைப் பக்கங்கள் வழிகாட்ட மட்டுமே பயன்படுகின்றன. பதிவுகளுக்கான இடம் அடிநிலையில் உள்ள இலைப் பக்கங்களில்தான். ஒவ்வோர் இலையும் தனக்கு அடுத்த இலை எங்கே இருக்கிறது என்பதைக் குறித்து வைத்திருக்கிறது.

மைஎஸ்கியூஎல் எனும் தரவுத்தளத்தின் இன்னோடிபி சேமிப்பு எஞ்சினில் ஒரு பக்கத்தின் இயல்பான அளவு 16 கேபி. ஒரு வழிகாட்டிப் பக்கத்தில் தோராயமாக ஆயிரம் சாவிகளும், ஓர் இலையில் நூறு பதிவுகளும் அடங்கும் என்று கொள்வோம். வேரிலிருந்து ஆயிரம் கிளைகள், ஒவ்வொன்றிலிருந்தும் ஆயிரம் இலைகள் எனப் பத்து லட்சம் இலைகளில் பத்துக் கோடிப் பதிவுகள் மூன்றே நிலைகளுக்குள் அடங்கிவிடுகின்றன. நம் வினவல் வந்ததும், தரவுத்தளம் வேர்ப்பக்கத்தில் 5,00,001 எந்தக் கிளையில் வரும் என்று பார்த்து இறங்குகிறது. அங்கிருந்து உரிய இலைக்குப் போகிறது. பிறகு மேலே ஏறாமல், 5,01,000-ஐத் தாண்டும் சாவி கண்ணில் படும் வரை இலைக்கு இலை நடக்கிறது. இரண்டு வழிகாட்டிப் பக்கங்களும் பத்துப் பதினொரு இலைகளுமாக வேலை முடிந்துவிடுகிறது.

ஆனால், ஆயிரம் எண்கள் கொண்ட வரம்பு ஆயிரம் பதிவுகளைத் தரும் என்று நம்பிவிடக் கூடாது. சாவி எண்கள் வரிசையாகத் தானே வழங்கப்படும்போது, நீக்கப்பட்ட பதிவுகளின் எண்களும், பாதியில் கைவிடப்பட்ட பரிவர்த்தனைகள் வாங்கிய எண்களும் மீண்டும் நிரப்பப்படுவதில்லை. எனவே பெரிய அட்டவணையைத் துண்டு துண்டாகப் படிக்கும்போது, எண்களைச் சம அளவில் வெட்டுவதைவிட, "கடைசியாகப் பார்த்த சாவிக்குப் பின்வரும் ஆயிரம் பதிவுகள், சாவி வரிசையில்" என்று கேட்பதே சரி. பலர் எழுதிப் பழகியிருக்கும் ஆஃப்செட் முறை இதற்கு ஈடாகாது. ஒரு லட்சம் பதிவுகளைத் தள்ளி அடுத்த இருபதைத் தரச் சொன்னால், அந்த ஒரு லட்சத்தையும் ஒவ்வொன்றாகக் கடந்த பிறகே இருபது கிடைக்கும். ஏனெனில் மரத்துக்குச் சாவிகளின் மதிப்பு தெரியுமே தவிர, எத்தனையாவது பதிவு என்ற கணக்கு தெரியாது.

வரம்பை எழுதும் விதமும் முக்கியம். சாவியை 1000-ஆல் வகுத்து வரும் ஈவு 500 என்று நிபந்தனை எழுதுவதும், சாவி 5,00,000 முதல் 5,00,999 வரை என்று எழுதுவதும் நமக்கு ஒன்றுதான்; தரவுத்தளம் அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பதில்லை. முதல் வடிவத்தில் எழுதினால் ஒவ்வொரு சாவியையும் வகுத்துப் பார்க்கத் தொடங்கிவிடும். வரம்பைக் குறிக்கும் பிட்வீன் (BETWEEN) எனும் சொல் இரு முனைகளையும் சேர்த்தே எடுக்கும் என்பதால், அடுத்தடுத்த துண்டுகளில் ஒரே சாவி இருமுறை வராமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

போஸ்ட்கிரெஸ் எனும் மற்றொரு தரவுத்தளத்தில் நிலைமை சற்று வேறு. அங்கே இலைகளில் இருப்பது பதிவு அல்ல, பதிவு இருக்கும் இடத்தின் குறிப்பு. பதிவுகள் தனிக் குவியலில் கிடக்கின்றன. சாவி வரிசையும் குவியலின் வரிசையும் ஒத்துப்போகாவிட்டால், அடுத்தடுத்த ஆயிரம் சாவிகளுக்காக வெவ்வேறு ஆயிரம் பக்கங்களைத் தொட நேரிடலாம்.

சாவி முற்றிலும் தற்செயலான யூயூஐடி-யாக (எங்கும் தனித்திருக்கும்படி உருவாக்கப்படும் நீண்ட அடையாள எண்) இருந்தால், அடுத்தடுத்துச் செருகிய பதிவுகள் மரமெங்கும் சிதறிப்போகும். "நேற்றைய பதிவுகள்" போன்ற எதையும் சாவி வரம்பாகக் கேட்க முடியாது. 2024-இல் தரநிலையாக வந்த யூயூஐடி-யின் 7-ஆம் பதிப்பில் முதல் 48 பிட்கள் மில்லிநொடிக் கணக்கிலான நேரம் என்பதால், நேற்று நள்ளிரவையும் இன்று நள்ளிரவையும் இரு முனைகளாக வைத்து மீண்டும் வரம்பு கேட்கலாம்.