டிராக்குக்காகப் பிறந்த காரைத் தெருவில் விடாதீர்கள்

ரிமோட்டில் ஓடும் பந்தய ஆர்.சி. கார்களைப் பிரித்துக் கோர்ப்பதும் அவற்றின் மின்சாதனங்களைச் சரிபார்ப்பதும் என் தொழில். என் மேசைக்கு வருபவற்றில், நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள, சமதள டிராக்கில் ஓடும் எலக்ட்ரிக் டூரிங் கார்தான் எனக்கு மிகவும் பிடித்தது. என்னை அதிகம் கவலைப்பட வைப்பதும் அதுதான். பந்தயக்காரர்கள் ஓட்டிக் கழித்த போட்டிக் கார்கள் இப்போது செகண்ட் ஹேண்டில் சுலபமாகக் கிடைக்கின்றன. பையன் ஆசைப்பட்டுக் கேட்டான் என்று அப்பாக்கள் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். மறுநாளே அது தெருவுக்கு வந்துவிடுகிறது.

இந்தக் காரில் இருக்கும் ஒவ்வொரு அமைப்பும் சிலவற்றை நம்பியே உருவாக்கப்பட்டது. பெருக்கித் துடைத்த டிராக், 5 நிமிடத்தில் முடிந்துவிடும் பந்தயம், உயரமான மேடையில் நின்று ஓட்டுபவர், கார் கவிழ்ந்தால் ஓடிவந்து தூக்கிவிடும் மார்ஷல். இவையெல்லாம் இல்லாத இடத்தில், எதற்காக அந்தக் காருக்கு அவ்வளவு விலை கொடுத்தோமோ அந்தச் சிறப்புகளே பழுதுக்கும் ஆபத்துக்கும் காரணமாகின்றன. வாங்கப்போகும் பெற்றோருக்கு இதைப் புரியவைக்கத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

1991-இல் டாமியா நிறுவனம் டிஏ01 சேஸியை, அதாவது காரின் அடிச்சட்டத்தை, வெளியிட்டபோது டூரிங் கார் இவ்வளவு மென்மையான பொருளாக இல்லை. மண்ணில் ஓடும் பக்கி காரிலிருந்து பிறந்தது அது. கியர்களெல்லாம் மூடிய பெட்டிக்குள் இருந்தன, அடியிலும் நல்ல இடைவெளி இருந்தது. பிறகு போட்டி சூடுபிடித்தது. 1998 முதல் இந்த வகைக்கு உலகச் சாம்பியன்ஷிப் நடக்கிறது. ஜெர்மனியின் மார்க் ரைனார்ட் 2004, 2008, 2010 என மூன்று முறை டாமியா காரிலேயே பட்டம் வென்றார். ஒவ்வொரு உலகப் போட்டிக்கும் கார் இன்னும் தாழ்ந்தது, மெலிந்தது, திறந்துகொண்டது. இன்றைய போட்டிக் காரின் அகலம் 190 மில்லிமீட்டர். பேட்டரி, பாடி எல்லாம் சேர்த்த குறைந்தபட்ச எடை, பந்தய அமைப்பைப் பொறுத்து, 1,300 முதல் 1,350 கிராம் வரை.

சேஸியைப் பாருங்கள். 2 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய ஒற்றைக் கார்பன் ஃபைபர் தகடு. பிடிப்பு மிகுந்த கார்பெட் டிராக்குகளில் அலுமினியத் தகடும் போடுவார்கள். அதற்கு மேலே ஒரு மெல்லிய மேல்தட்டு. இந்த இரண்டும் எங்கே வளைய வேண்டும், எங்கே வளையக் கூடாது என்பதில்தான் வடிவமைப்பாளரின் மூளை முழுக்க இருக்கிறது. மேல்தட்டில் இரண்டு திருகைக் கழற்றினாலே வளைவில் காரின் பிடிப்பு மாறுவதைக் கையில் உணரலாம். அதனால்தான் முன்சக்கரங்களைத் திருப்பும் சர்வோ மோட்டாரைக்கூடச் சேஸியின் நீளத்துக்கு இறுக்கி முடுக்காமல், நடுக்கோட்டுக்கு அருகே ஒரே இடத்தில் பிடித்து மிதக்க விடுகிறார்கள். ஒருபக்கம் பேட்டரி, மறுபக்கம் மோட்டாரும் அதற்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீடு கன்ட்ரோலரும். இடம், வலம் எடை சமமாக வருகிறதா என்று தராசில் வைத்துப் பார்ப்பார்கள்.

சேஸிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி 5 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். பென்சில் தடிமனைவிடக் குறைவு. தெருவில் கிடக்கும் ஒரு ஜல்லிக்கல் போதும், தகட்டின் அடிப்பக்கம் கீறி நார் பிரிய ஆரம்பித்துவிடும். போட்டியாளர்கள் புதுத் தகட்டின் விளிம்பை நீரில் நனைத்த உப்புத்தாளால் தேய்த்து, சூப்பர் குளூ வகைச் சயனோ பசையை ஓரம் முழுக்க ஓடவிட்டு மூடுவார்கள். அப்போதுதான் மோதலில் அடுக்கு பிரியாது. இதை வீட்டில் செய்ய நினைத்தால் உலரத் தேய்க்காதீர்கள். கார்பன் தூள் நுரையீரலுக்கு நல்லதல்ல. தண்ணீர், முகக்கவசம், கையுறை மூன்றும் வேண்டும்.

கார்பன் ஃபைபரில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அது பிளாஸ்டிக் மாதிரி கருப்பாக இருக்கிறதே தவிர, மின்சாரத்தைக் கடத்தும். பேட்டரி வயர் சேஸியின் விளிம்பில் உரசிக்கொண்டே ஓடும் காரை நான் அடிக்கடி பார்க்கிறேன். வெளியே சிவப்பு சிலிக்கோன் உறை நன்றாகத்தான் தெரியும். வயரைத் திருப்பிப் பிடித்தால் அடிப்பக்கத்தில் நகத்தளவு உறை தேய்ந்து, உள்ளே வெள்ளிபோல் மின்னும் மெல்லிய கம்பிகள் எட்டிப்பார்க்கும். அதே தகட்டில் எதிர்முனை வயரும் எங்காவது உறை தேய்ந்து தொட்டால் சேஸி வழியாகவே ஷார்ட். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் வயர்களை விரலால் தடவிப் பாருங்கள். கண் ஏமாற்றும், விரல் ஏமாற்றாது.

சக்தி கடத்தும் முறைக்கு வருவோம். நடுவில் மோட்டார் சுழற்றும் பெரிய பல்சக்கரமான ஸ்பர் கியர், அங்கிருந்து முன்னுக்கு ஒரு பெல்ட், பின்னுக்கு ஒரு பெல்ட். நான்கு சக்கரமும் சுழலும். உராய்வு குறைவு, சத்தம் குறைவு, அழகான வேலை. ஆனால் எல்லாமே திறந்தவெளி. பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் ஒரு மணல் பரல் சிக்கினால் பல் உதிரும். முன்னால் பெரும்பாலும் ஸ்பூல் இருக்கும். அதாவது இரண்டு முன்சக்கரமும் ஒன்றாகப் பூட்டப்பட்டவை. வளைவைவிட்டு வெளியேறும்போது இழுவை அபாரம். ஆனால் சக்கரம் திரும்பியிருக்கும்போது நடுக்கம் வரும். அதைக் குறைக்கவே திருப்பும் சக்கரங்களில் இரட்டை மூட்டு கொண்ட ஆக்சில் போடுகிறார்கள். நடைபாதைக் கல்லில் ஒருமுறை இடித்தால் அந்த மூட்டின் சிறு பின்தான் முதலில் போகும். பின்பக்கம் சிலிக்கோன் எண்ணெய் நிரப்பிய கியர் டிஃபரென்ஷியல், இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடுவது. எண்ணெய் கெட்டியாக ஆக, இரண்டு பின்சக்கரமும் ஒன்றையொன்று விட்டுக்கொடுப்பது குறையும்.

சஸ்பென்ஷனைப் பற்றி எழுதினால் தனிக் கட்டுரையே வேண்டும். அரை மில்லிமீட்டர் வாஷர் ஒன்றை இடம் மாற்றி, காரின் குணத்தையே மாற்றும் உலகம் அது. பின்சக்கரத்தில் 3 டிகிரி அளவில் உள்நோக்கு, நான்கிலும் கேம்பர் எனும் சிறு பக்கச் சாய்வு, ஷாக்கில் இந்த எண்ணெய், அந்த ஸ்பிரிங். இவையெல்லாம் சமதளத்துக்கான கணக்கு. குண்டும் குழியுமான ரோட்டில் இந்த சஸ்பென்ஷன் எதையும் தாங்காது. அதன் அசைவே சில மில்லிமீட்டர்தான்.

மோட்டார் விஷயத்தில் எண் பெரிதாக இருந்தால் வேகம் அதிகம் என்று நினைத்து வாங்கி வருகிறார்கள். இங்கே கணக்கு தலைகீழ். சென்சார் வைத்த பிரஷ்லெஸ் மோட்டாரில் கம்பிச் சுற்று குறையக் குறையத்தான் வேகமும் இழுக்கும் கரண்டும் கூடும். 21.5, 17.5, 13.5 டேர்ன் (சுற்று) மோட்டார்கள், வேகத்துக்குக் கட்டுப்பாடுள்ள ஸ்டாக் வகுப்புகளுக்கு. 4.5 போன்றவை மாடிஃபைடு வகுப்பில் கை தேர்ந்தவர்களுக்கு. அவை முழு விசையில் 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சக்கரம் ஒருமுறை சுற்ற மோட்டார் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்ற கியர் விகிதமும் மோட்டாரோடு மாறும். 4.5 டேர்னுக்கு 8-ஐ ஒட்டிய விகிதம், 17.5 டேர்னுக்கு அதில் பாதி போதும். இரண்டையும் குழப்பினால் மோட்டார் சூடேறி, உள்ளே சுழலும் ரோட்டரின் காந்தமே பலமிழந்துவிடும். புது கியர் போட்டால் இரண்டு மூன்று நிமிடம் ஓட்டி நிறுத்தி, வெப்பமானியைக் காட்டிப் பாருங்கள்.

இப்போது பேட்டரி. மற்றதெல்லாம் உடைந்தால் பணம் போகும், இது கெட்டால் வீடே எரியலாம்.

டூரிங் காரில் இருப்பது இரண்டு செல் லைப்போ, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரி. பெயரளவில் 7.4 வோல்ட், முழுச் சார்ஜில் 8.4 வோல்ட். மோதலில் செல் நசுங்காதிருக்க, கடினமான பிளாஸ்டிக் கூட்டுக்குள் வரும். அந்தக் கூட்டை மட்டும் நம்பி ஏமாறாதீர்கள். உள்ளே செல் உப்பினாலும் வெளியே எளிதில் தெரியாது. பேட்டரியைக் கண்ணாடி மேல் வைத்து அழுத்திப் பாருங்கள். ஆடினாலோ, கூட்டின் இணைப்புக் கோடு எங்காவது பிளந்திருந்தாலோ அதன் ஆயுள் முடிந்தது. டேப் ஒட்டி ஓட்டுவது தற்கொலைக்குச் சமம்.

போட்டி பேட்டரியில், சாதாரண ஆர்.சி. கார்களில் வருவதுபோல் ஒரே பக்கமாக மட்டும் நுழையும் பிளக் கிடையாது. எடையையும் மின்தடையையும் குறைக்க, கூட்டின் மேலேயே இரண்டு உலோகக் குழாய்கள், அவற்றில் நேராகச் சொருகும் 4 அல்லது 5 மில்லிமீட்டர் புல்லட் பின்கள். சிவப்பும் கருப்பும் எந்தக் குழாயிலும் சரியாகப் போய் உட்காரும். தடுக்க எதுவுமே இல்லை. மாற்றிச் சொருகினால் ஸ்பீடு கன்ட்ரோலர் அந்த நொடியே போய்விடும். இரண்டு பின்னும் கையில் தொங்கும்போது ஒன்றோடொன்று தொட்டால், அவற்றின் மறுமுனை பேட்டரியில் இருந்தால், பளீரென்று வெட்டும். அதனால் சார்ஜ் வயரை முதலில் சார்ஜரில் சொருகி, பிறகுதான் பேட்டரிக்குக் கொண்டுபோக வேண்டும். அதுதான் சரியான வரிசை. கழற்றும்போது பேட்டரி முதலில். 8 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது உண்மைதான். ஆனால் ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். மோதிரமும் கைச்செயினும் போட்டுக்கொண்டு இந்தப் பேட்டரியைத் தொடாதீர்கள்.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்குபவர்களுக்கு முக்கியமான செய்தி ஒன்று. பந்தயம் 5 நிமிடத்தில் முடிந்துவிடும், பேட்டரியில் மிச்சம் இருக்கும். அதனால் பந்தயக்காரர்கள் பலர் ஸ்பீடு கன்ட்ரோலரில் வோல்டேஜ் குறைந்தால் நிறுத்தும் கட்ஆஃப்பைத் தாழ்த்தியோ அணைத்தோ வைத்திருப்பார்கள். அந்தக் கார் அப்படியே ஒரு பையன் கைக்குப் போகிறது. கார் மெதுவாகும்வரை அவன் ஓட்டுகிறான். ஒரு செல்லின் வோல்டேஜ் 3-க்குக் கீழே விழுகிறது. மறுபடி சார்ஜ் போடும்போது அந்தச் செல்தான் உப்புகிறது, சில சமயம் தீப்பிடிக்கிறது. “அண்ணே, நேத்துவரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு” என்று கொண்டுவருவார்கள். “தம்பி, கட்ஆஃப் எதுல வெச்சிருக்கேன்னு பாத்தியா?” என்று கேட்டால் அப்படி ஒன்று இருப்பதே தெரிந்திருக்காது. கார் வாங்கிய அன்றே ஒரு செல்லுக்கு 3.2 வோல்ட்டுக்குக் குறையாமல் கட்ஆஃப் வையுங்கள்.

சார்ஜ் எப்போதும், செல்களைச் சமப்படுத்தும் பேலன்ஸ் வயர் மாட்டி. 6,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 6 ஆம்பியர் போதும். தீத்தாங்கும் லைப்போ பைக்குள், டைல்ஸ் தரையில், திரைச்சீலையும் மெத்தையும் இல்லாத இடத்தில், விழித்திருக்கும் ஒருவர் கண்முன். இரவில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். ஓட்டி முடித்தால் ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவுக்குக் கொண்டுவந்து வையுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் விடாதீர்கள். பற்றிக்கொண்டால் வெளிவரும் புகை விஷம். ஆட்களை வெளியேற்றுவதுதான் முதல் வேலை.

வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்தால், தனியாக இருக்கும் லைப்போ பேட்டரியைச் செக்-இன் லக்கேஜில் வைக்கக் கூடாது. 7.4 வோல்ட், 6,000 மில்லி ஆம்பியர்-மணி என்றால் 44.4 வாட்-மணி. 100-க்குள் இருப்பதால் கைப்பையில் எடுத்து வரலாம். இரண்டு குழாய்களின் வாயையும் இன்சுலேஷன் டேப்பால் மூடியிருக்க வேண்டும். விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

வேகத்தையும் சொல்லியாக வேண்டும். 1.35 கிலோ கார் மணிக்கு 60 கிலோமீட்டரில் போனால் அதன் இயக்க ஆற்றல் சுமார் 187 ஜூல். அதே எடையுள்ள பொருள் 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நான்காவது மாடியிலிருந்து, விழுந்து தரையைத் தொடும் வேகம் அது. கூரையோடு சேர்த்தே காரின் உயரம் சாணுக்கும் குறைவு. எதிரே பைக் ஓட்டி வருபவருக்கு அது கண்ணிலேயே படாது. பாலிகார்பனேட் பாடியின் தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. உடைந்த விளிம்பு பிளேடு மாதிரி. முன்னால் இருக்கும் ஸ்பாஞ்ச் பம்பர் காரைக் காப்பாற்ற வைத்தது. ஒரு குழந்தையின் கணுக்காலைக் காப்பாற்ற அல்ல.

ரிமோட்டை முதலில் ஆன் செய்து, கடைசியில் ஆஃப் செய்யுங்கள். சிக்னல் அறுந்தால் கார் என்ன செய்ய வேண்டும் என்று காரில் உள்ள ரிசீவருக்குச் சொல்லும் ஃபெயில்சேஃப் அமைப்பைச் சரிபாருங்கள். சக்கரங்கள் தரையில் படாமல் காரை ஸ்டாண்டில் வைத்து, லேசாகத் திராட்டில் கொடுத்தபடி ரிமோட்டை அணையுங்கள். சக்கரம் நின்றால் சரி. சுற்றிக்கொண்டே இருந்தால் அதைச் சரிசெய்யாமல் அந்தக் கார் வெளியே போகக் கூடாது.

தெருவிலும் மைதான ஓரத்திலும் ஓட்டத்தான் ஆசை என்றால், டாமியா டிடி02 போன்ற ஷாஃப்ட் டிரைவ் கார் வாங்கிக் கொடுங்கள். தொட்டி மாதிரி மூடிய பிளாஸ்டிக் சேஸி, மூடிய கியர்பெட்டி, தேவையான அளவு தரை இடைவெளி. அதையும் ஆள் நடமாட்டமில்லாத காலி மைதானத்தில்தான் ஓட்ட வேண்டும். பையன் அதைத் தானே பிரித்துக் கோர்த்து, இடித்து, சரிசெய்து பழகட்டும். போட்டிக் கார் வாங்கும் நாள் வந்தால், முதலில் அவனை ஒரு கிளப்புக்குக் கூட்டிப்போங்கள். காரே இல்லாமல் ஒரு முழுநாள் நின்று பார்க்கட்டும். வளைவில் மார்ஷலாக நிற்கச் சொன்னால் நிற்கட்டும். எந்த மோட்டார், எந்த டயர், எந்தப் பாடி, எவ்வளவு எடை என்ற விதித்தாளை அங்கேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 21.5 டேர்ன் ஓடும் கிளப்புக்கு 4.5 டேர்ன் மோட்டாரோடு போனால் அந்த வகுப்பில் சேர்க்க மாட்டார்கள். பணம் கொடுப்பதற்கு முன் அந்தத் தாள் உங்கள் கையில் இருக்க வேண்டும்.