ஒட்டின கையெழுத்தை நம்பாதீர்கள்

கிளிநொச்சியில் கணினி வேலை பார்க்கும் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி: "தம்பி, இதில டிஜிட்டல் கையொப்பம் இருக்குத்தானே?" திறந்து பார்த்தால், தாளில் போட்ட கையெழுத்தைப் போனில் படமெடுத்து பிடிஎஃப்பில் ஒட்டியிருப்பார்கள். அதை வெட்டி வேறு கடிதத்தில் ஒட்ட இரண்டு நிமிடம் போதும்.

உண்மையான டிஜிட்டல் கையொப்பம் கோப்புக்குள் இருக்கும் ஒரு கணக்கு. முதலில் ஆவணம் முழுவதற்கும் ஒரு சுருக்க எண் எடுக்கப்படும். ஷா-256 முறையில், ஒரு பக்கமோ நூறு பக்கமோ, அதன் நீளம் 256 பிட்தான் (பிட் என்றால் 0 அல்லது 1). கையொப்பமிடுபவரிடம் மட்டும் உள்ள தனிச் சாவி, அதாவது இரகசியமான ஒரு பெரிய எண், அந்தச் சுருக்க எண்ணை வைத்துக் கையொப்பத்தை உருவாக்கும். சரிபார்க்க அவருடைய பொதுச் சாவி போதும். அதை யாரும் வைத்திருக்கலாம். அதிலிருந்து தனிச் சாவியைக் கண்டுபிடிப்பது நடைமுறையில் முடியாத காரியம். இந்த இரட்டைச் சாவி யோசனையை டிஃபி, ஹெல்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1976இல் வெளியிட்டார்கள்.

கொட்டேசனில் 35,000 ரூபாயை யாராவது 85,000 ஆக்கினால் ஒரு இலக்கம்தான் மாறுகிறது. சுருக்க எண்ணோ முற்றிலும் வேறாகிவிடும். மென்பொருள் உடனே காட்டிக்கொடுக்கும். பழைய ஷா-1 முறையை மட்டும் ஏற்காதீர்கள். ஒரே சுருக்க எண் வரும் இரண்டு வெவ்வேறு பிடிஎஃப்களை ஆய்வாளர்கள் 2017இல் செய்தே காட்டிவிட்டார்கள்.

பலர் அந்தக் கோப்பைக் கொமினிக்கேசனில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போகிறார்கள். தாளில் கையொப்பம் வராது. ஸ்கிரீன்ஷாட்டிலும் வராது. வட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் கோப்பாகவே அனுப்புங்கள்.

சரி, பொதுச் சாவி இன்னாருடையது என்று யார் சொல்வது? யாருடைய பெயரிலும் எவரும் சாவி செய்யலாம். அதனால்தான் லங்காசைன் போன்ற சேவைகள் ஆளை உறுதிப்படுத்திச் சான்றிதழ் கொடுக்கின்றன. மென்பொருள் காட்டும் 'சரி' அடையாளத்தோடு நிற்காமல், சான்றிதழில் உள்ள பெயரையும் அதை வழங்கியவரையும் பாருங்கள்.

நான் கண்ட பெரிய ஓட்டை கணக்கில் இல்லை, லாச்சியில். ஓர் அலுவலகத்தில் அதிகாரியின் சாவி இருந்த யூஎஸ்பி டோக்கன் எழுதுவினைஞரின் லாச்சிக்குள் கிடந்தது. பின் நம்பர் அதன்மேலேயே ஒட்டியிருந்தது. யார் அதைச் செருகினாலும் கையொப்பம் அதிகாரியுடையதுதான். பிறகு "நான் போடேல்லை" என்று நிரூபிப்பது அவர் பாடு.

இன்னொன்று, கையொப்பம் எதையும் மறைக்காது. கோப்பு கிடைத்த எவரும் வாசிக்கலாம்.

இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் மின் கையொப்பத்தை ஏற்கிறது. ஆனால் உயிலும் காணி விற்பனையும் அதற்குள் வராது. வெளிநாட்டிலிருக்கும் மகன் எவ்வளவு பக்குவமாகக் கையொப்பமிட்டு அனுப்பினாலும், காணி உறுதி நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் தாளில்தான் எழுதப்பட வேண்டும்.