கற்றல் பாணியா, கற்றல் வாகா?

'உங்கள் குழந்தையின் கற்றல் பாணியைக் கண்டறியுங்கள்' என்று டியூஷன் சென்டர் நோட்டீஸில் போடுகிறார்கள். ஆசிரியர் பயிற்சிகளில் சொல்கிறார்கள். பெற்றோருக்கான காணொளிகளில் மூச்சுக்கு மூச்சு வருகிறது. லேர்னிங் ஸ்டைல் என்பதற்கு இதுதான் தமிழ் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்ட மாதிரி இருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. பாணி இங்கே பொருந்தாத சொல். அது பொருந்தாததாலேயே, அப்படி ஒன்று இருப்பதற்குச் சான்று உண்டா என்று கேட்டிருக்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்காமல் விட்டுவிட்டோம்.

முதலில் மூலச்சொல். ஸ்டைல் என்பது ஸ்டிலுஸ் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மெழுகு பூசிய பலகையில் எழுத ரோமானியர்கள் வைத்திருந்த கூரிய குச்சிக்கு அந்தப் பெயர். நம் எழுத்தாணிதான். எழுதுகோலின் பெயர் எழுதும் விதத்துக்கு ஆகி, பிறகு எதையும் செய்யும் விதத்துக்கு ஆனது. இதற்கு மேல் அதில் தோண்ட ஒன்றுமில்லை.

கல்வித்துறையில் இந்தச் சொல் பரவியது 1970களிலிருந்து. கற்பவர்களைப் பிரிக்க, அமெரிக்கக் கல்வியியலாளர் டேவிட் கோல்ப் ஒரு வகைப்பாடு தந்தார். பீட்டர் ஹனியும் ஆலன் மம்ஃபோர்டும் இன்னொன்று தந்தார்கள். இன்று அதிகம் புழங்குவது நியூசிலாந்தின் நீல் ஃபிளெமிங், காலீன் மில்ஸ் என்பவரோடு சேர்ந்து 1992இல் கட்டுரையாக வெளியிட்ட வார்க் என்ற வகைப்பாடு. பார்த்து, கேட்டு, படித்து எழுதி, செய்து என்று அதில் நான்கு வழிகள். 2004இல் ஃபிராங்க் காஃபீல்டும் அவர் குழுவினரும் எண்ணிப் பார்த்தபோது இப்படி 71 வகைப்பாடுகள் இருந்தன. இவற்றில் பிரபலமானவற்றின் அடிக்கூற்று ஒன்றுதான்: ஒவ்வொருவருக்கும் இயல்பாக ஒரு கற்கும் விதம் உண்டு, அதற்கு ஏற்றபடி சொல்லிக்கொடுத்தால் நன்றாகக் கற்பார். இந்த இரண்டாம் பாதியை மறந்துவிட வேண்டாம். சொல் தேடும்போது அதுதான் முக்கியம்.

சரி, பாணிக்கு வருவோம். தமிழில் பாணி பல பொருள் கொண்ட சொல். தண்டபாணி, சக்கரபாணி, சாரங்கபாணி என்ற பெயர்களில் இருப்பது கை என்று பொருள்படும் வடசொல். யாழ்ப்பாணத்தில் பனம்பாணி என்றால் பதநீரைக் காய்ச்சி எடுக்கும் பாகு. இவை இரண்டும் நமக்கு வேண்டாம். பழைய இலக்கியத்தில் பாணி என்றால் பாட்டு, தாளம். பாண், பாணர் என்ற சொற்களோடு சேர்ந்து நிற்கும் சொல் அது. இன்று 'ஒருவர் செய்யும் விதம்' என்று நாம் சொல்லும் பொருள் இந்த இசை வழியில் வந்து நிற்பதாகத்தான் தோன்றுகிறது. அதனால்தான் அந்தச் சொல் இன்னமும் கலை மேடையில் இயல்பாக உட்காருகிறது. பரதத்தில் பந்தநல்லூர் பாணி என்கிறோம், வழுவூர் பாணி என்கிறோம். கர்நாடக இசைக் கச்சேரியில் பாடகர்களை வைத்து அரியக்குடி பாணி, ஜி.என்.பி. பாணி என்கிறோம்.

இந்த வழக்குகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பந்தநல்லூர் பாணி யாருக்கும் பிறவியில் வருவதில்லை. அந்த வழி வந்த குருவிடம் பல வருடம் அடவு செய்து வாங்கிக்கொள்வது. ஆக, பாணி கற்றுக்கொள்ளப்படுவது. குருவிடமிருந்து சீடருக்குப் போவது. அடுத்து, பாணி வெளியே தெரிய வேண்டும். மேடையில் நாலு ஆவர்த்தனம் போனதும் 'இது இன்னார் பாணி' என்று கேட்பவர் சொல்ல முடிய வேண்டும். அப்புறம், பாணியை இன்னொருவர் எடுத்துக்கொள்ளலாம். எம்.எல்.வசந்தகுமாரி ஜி.என்.பி.யின் பாணியில் பாடினார் என்கிறோம். தேர்தல் மேடையில் பேசுகிறவரைக்கூட 'அண்ணா பாணியில் பேசுகிறார்' என்கிறோம்.

லேர்னிங் ஸ்டைல் என்று சொல்கிறவர்கள் சொல்வது இதற்கு நேர் எதிர். அது ஒருவருக்கு உள்ளேயே இருப்பதாம். வெளியே தெரியாதாம், கேள்வித்தாள் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டுமாம். இன்னொருவரிடமிருந்து எடுத்துக்கொள்ளவும் முடியாதாம். பாணி என்ற சொல்லின் எந்தக் குணமும் இதில் இல்லை. 'உன் கற்றல் பாணி' என்று ஒரு பிள்ளையிடம் சொன்னால், அவன் படிக்கும்போது மற்றவர் கண்ணுக்குத் தெரிகிற ஏதோ ஒரு தோரணை என்றுதான் தமிழில் பொருளாகும். சத்தம் போட்டுப் படிப்பது, நடந்துகொண்டே ஒப்பிப்பது, அந்த மாதிரி.

பாணியை ஆதரிப்பவர்கள் சொல்லும் ஒரே காரணம், ஸ்டைல் என்றால் பாணி என்று அகராதியில் இருக்கிறது என்பது. அகராதி ஒரு சொல்லுக்கு ஒரு சொல் தரும். ஆனால் கலைச்சொல்லாக்கம் ஒரு கருத்துக்குச் சொல் தர வேண்டும். லேர்னிங் என்பதற்கு ஒரு சொல், ஸ்டைல் என்பதற்கு ஒரு சொல் எடுத்துப் பக்கத்தில் வைத்தால் கலைச்சொல் ஆகிவிடாது. நம் மொழிபெயர்ப்பாளர்களில் பாதிப் பேர் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள்.

வேறு சில சொற்களும் உலவுகின்றன. கற்றல் முறை என்றால் குழப்பம். செயல்வழிக் கற்றல் ஒரு கற்றல் முறை, அது வகுப்புக்கு உரியது, ஆளுக்கு உரியதல்ல. கற்றல் நடை பரவாயில்லை, ஆனால் உரைநடை, எழுத்துநடை என்று எழுத்தோடு ஒட்டிப்போன சொல். கற்றல் திறன் என்று எழுதுவது பெரிய பிழை. திறன் கூடும், குறையும். பார்த்துக் கற்பது கேட்டுக் கற்பதைவிடக் கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. 'நன்னூலிலேயே இது இருக்கிறது' என்று பெருமையோடு அன்னம், பசு, மண், கிளி என்று மாணாக்கருக்கான உவமைகளை அடுக்குகிறவர்களும் உண்டு. நன்னூல் அங்கே மாணாக்கரைத் தலை, இடை, கடை என்று தரம் பிரிக்கிறது. ஓட்டைக் குடமும் எருமையும் கடைமாணாக்கருக்கு உவமை. விதத்துக்கும் தரத்துக்கும் வேறுபாடு தெரியாமல் பழம்பெருமை பேசுவதால் தமிழுக்கு நன்மை ஏதும் இல்லை.

நான் முன்வைக்கும் சொல் கற்றல் வாகு. உடல்வாகு என்று எல்லோரும் சொல்கிறோம். ஒருவருக்கு இயல்பாக அமைந்த கட்டமைப்பு என்று பொருள். 'இந்த அரிவாள் கைக்கு வாகா இருக்கு' என்கிறோம். கைக்குப் பொருந்துகிறது என்று பொருள். இயல்பில் அமைந்தது, அதற்குப் பொருந்தினால் வேலை எளிது: லேர்னிங் ஸ்டைல் கோட்பாட்டின் இரண்டு பாதியும் இந்த ஒரே சொல்லில் இருக்கின்றன. வாகு வடசொல் இல்லையா என்று சிலர் கேட்பார்கள். வாகுவலயம் என்ற தோளணியில் இருக்கும் வாகு வடசொல்தான். நான் எடுப்பது ஊர்ப் பேச்சில் இருக்கும் வாகு. பேச்சில் வேரோடிய சொல், கேட்டவுடன் புரிகிறது, எனக்கு அது போதும். தனித்தமிழா என்பதைவிடத் தெளிவா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு சொல்லும் வேண்டும்: கற்றல் விருப்பம். படம் பார்க்கப் பிடிக்கும், கேட்கப் பிடிக்கும் என்பது விருப்பம். அப்படி விருப்பம் இருப்பது உண்மை, யாரும் மறுக்கவில்லை. வார்க் கேள்வித்தாளின் 16 கேள்விகளும் கேட்பது விருப்பத்தைத்தான். மறுக்கப்படுவது வாகு. 2008இல் ஹரால்ட் பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் இதற்கு என்ன சான்று வேண்டும் என்று தெளிவாக வகுத்தார்கள். மாணவர்களை வகை பிரித்து, வெவ்வேறு வழிகளில் கற்பித்து, கடைசியில் எல்லோருக்கும் ஒரே தேர்வு வைக்க வேண்டும். பார்க்கும் வகையினர் பார்த்துக் கற்றதிலும், கேட்கும் வகையினர் கேட்டுக் கற்றதிலும் மேலாகத் தேறியிருக்க வேண்டும். அப்படிக் காட்டும் போதிய சான்று இல்லை என்று முடித்தார்கள். இப்போது இதைத் தமிழில் ஒரே வரியில் சொல்லலாம்: கற்றல் விருப்பம் உண்டு, கற்றல் வாகுக்குச் சான்று இல்லை. பாணியை வைத்துக்கொண்டு இந்த வரியை எழுதவே முடியாது. 'கற்றல் பாணி இல்லை' என்றால், 'ஆளுக்கு ஒரு மாதிரி படிப்பதை நான்தான் கண்ணால் பார்க்கிறேனே' என்று யாரும் சொல்லிவிடுவார்கள். அது நியாயமான பதிலும்கூட.

இந்தக் குழப்பம் வகுப்பறை வரை போகிறது. ஓர் ஆசிரியர் பயிற்சியில் எட்டாம் வகுப்பு வருகைப் பட்டியலைக் கொண்டுவரச் சொல்லி, பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் கா, கே, இ என்று குறிக்க வைத்தார்கள். காட்சி, கேட்பு, இயக்கம். பின்வரிசையில் இருந்த கணக்கு ஆசிரியை எழுந்து, "கே போட்ட பையனுக்கு முக்கோணத்தை எப்படி சார் காதுல சொல்றது?" என்றார். "அது அவன் பாணிங்க மேடம், நாமதான் மாறணும்" என்று பதில் வந்தது. அந்த ஆசிரியை கேட்டது மிகச் சரியான கேள்வி. கற்கும் வழியைத் தீர்மானிப்பதில் ஆளைவிடப் பாடத்துக்கே பங்கு அதிகம். ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று, 'சித்திரமும் கைப்பழக்கம் செந்தமிழும் நாப்பழக்கம்' என்கிறது. சித்திரத்துக்குக் கை, மொழிக்கு நாக்கு. இன்னாருக்குக் கை, இன்னாருக்கு நாக்கு என்று அதில் இல்லை. அதே பாட்டு கல்வியை 'மனப்பழக்கம்' என்று சொல்லிவிட்டு, நட்பையும் தகையையும் கொடையையும் மட்டும் 'பிறவிக் குணம்' என்று தனியே பிரிக்கிறது.

அந்தப் பட்டியலில் இருந்த இ பற்றியும் சொல்ல வேண்டும். உடலை இயக்கிக் கற்பதைக் குறிக்கும் கினஸ்தெட்டிக் என்பதை வைத்து 'இயக்கவியல் கற்பவர்' என்று எழுதுகிறார்கள். இயக்கவியல் என்றால் இயற்பியலில் ஒரு பிரிவு. மார்க்சியர்களிடம் கேட்டால் இயக்கவியல் பொருள்முதல்வாதம் என்பார்கள். செய்து கற்பவர் என்று எழுத என்ன தடை? கேட்புக்கும் அப்படித்தான். செவிவழி அறிவதற்குக் குறளில் கேள்வி என்று ஓர் அதிகாரமே இருக்கும்போது, 'ஒலியியல் கற்பவர்' எதற்கு?

அந்த நோட்டீஸ் வரியையும் திருத்தியாக வேண்டும். கண்டறியுங்கள் என்றால் ஏற்கனவே உள்ளே ஒன்று இருப்பதாக ஆகிவிடுகிறது. 'உங்கள் குழந்தைக்கு எப்படிப் படிக்கப் பிடிக்கும் என்று கேட்டுப் பாருங்கள்' என்று போடலாம். கையில் இருக்கும் சான்றை வைத்துக்கொண்டு நேர்மையாகச் சொல்ல முடிவது அவ்வளவுதான்.