பட்டி பார்க்காத ஸ்பிட்ஃபயர்

பிளாஸ்டிக் மாதிரிகளைச் செய்துகொடுப்பது என் தொழில். பிறர் செய்து கெட்டுப்போனவையும் சரிபார்க்க வரும். சென்ற மாதம் வந்தது, நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு (1:72) அளவிலான ஸ்பிட்ஃபயர், இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் போர் விமானம். பச்சையும் பழுப்புமாக உருமறைப்பு வண்ணம் அழகாக விழுந்திருந்தது. ஆனால் விமானி அறைக்குப் பின்னால், முதுகின் நடுவே, வால்வரை ஒரு கோடு. உடலின் இரு பாதிகள் ஒட்டிய இடம் அது. “பெயின்ட் மூடிவிடும் என்று நினைத்தேன்” என்றார் கொண்டுவந்தவர்.

மூடாது. இந்த அளவில் கால் மில்லிமீட்டர் இடைவெளி என்பது நிஜ விமானத்தில் 18 மில்லிமீட்டர், விரலே நுழையும். மெல்லிய வண்ணப் படலம் பள்ளத்தை நிரப்பாமல் அதன் வடிவத்திலேயே படிந்துவிடுகிறது.

பொறுமையின்மை தொடங்குவது, துண்டுகள் காம்புகளால் ஒட்டியபடி வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து அவற்றைப் பிரிக்கும்போதே. முறுக்கிப் பிய்த்தால் துண்டில் குழி விழும். தட்டை முனையுள்ள வெட்டுக்கொறடால் முதலில் சற்றுத் தள்ளி வெட்டி, மீதமுள்ள காம்பைப் பிறகு கத்தியால் சீவுங்கள். கத்தி மழுங்கியிருந்தால் அழுத்தத் தோன்றும்; அழுத்தினால் வழுக்கும். என் இடது கட்டைவிரலில் இருக்கும் தையல் தழும்பு அப்படி வந்ததுதான். உருண்டைக் கைப்பிடியுள்ள கத்தி மேசையிலிருந்து உருண்டால் கால்களை விலக்கிக்கொள்ளுங்கள், பிடிக்கப் போகாதீர்கள். கை தானாகவே நீளும், அதுதான் ஆபத்து.

அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் மெல்லிய மேடு ஓடும். கத்தியின் முதுகால் அதைச் சுரண்டினால் போதும். பொறித்த தகட்டுக் கோடுகளையும் சேர்த்துத் தேய்த்துவிடுபவர்கள் உண்டு. அவை விமானத்துக்கே உரியவை, விட்டுவிடுங்கள்.

பிளாஸ்டிக் சிமெண்ட் பசை அல்ல. மாதிரித் துண்டுகளின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரினைக் கரைத்து இரு துண்டுகளையும் ஒன்றாக்கும் கரைப்பான் அது. இரு பாதிகளையும் சேர்த்துப் பிடித்து, இணைப்பில் தூரிகை நுனியால் தொட்டால் உள்ளே தானாக ஓடும். சற்று அழுத்துங்கள், இளகிய பிளாஸ்டிக் ஓரமாகப் பிதுங்க வேண்டும். ஒரு நாள் காயவிட்டு அந்தப் பிதுக்கத்தைச் சீவி, 400, 600, 1000 எண் நீர் உப்புத்தாள்களால் ஈரத்தோடு தேய்த்தால் கோடு இருந்த இடமே தெரியாது. அப்படியும் பள்ளம் நின்றால், சுவருக்குச் செய்வதுபோல் பட்டி பார்க்க வேண்டியதுதான். ஈரமாகத் தேய்ப்பதில் இன்னொரு லாபம், தூசி பறக்காது. ரெசின் என்னும் வார்ப்புப் பிசினால் செய்த துண்டுகளுக்கு இது கட்டாயம், முகக்கவசமும் கட்டாயம். சிமெண்ட்டின் ஆவி தலைசுற்ற வைக்கும் என்பதால் சன்னலைத் திறந்துவைத்தே வேலை செய்கிறேன்.

சூப்பர் குளூவிடம்தான் எனக்குப் பயம் அதிகம். பருத்தித் துணியில் கொட்டினால் அது நொடியில் இறுகி, தோல் வெந்துபோகும் அளவுக்குச் சூடேறும். சிந்தியதைப் பழைய பனியனால் துடைக்காதீர்கள். விரல்கள் ஒட்டிக்கொண்டால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெல்ல உருட்டிப் பிரிக்க வேண்டும். கண்ணில் பட்டால் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். இமையைப் பிரிக்க முயலாமல் உடனே கண் மருத்துவரிடம் போங்கள்.

கடைசியாக, பாத்திரம் கழுவும் சோப்பால் மாதிரியைக் கழுவிக் காயவிடுங்கள். அச்சிலிருந்து வந்த எண்ணெயும் விரல் பிசுக்கும் போகாமல் வண்ணம் பிடிக்காது. கொதிநீர் வேண்டாம், இறக்கை வளைந்துவிடும்.

அந்த ஸ்பிட்ஃபயரின் வண்ணத்தைக் கழற்ற இரண்டு நாள் ஆனது. முதுகைத் தேய்க்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. விமானி அறையின் கண்ணாடி மூடியைத்தான் மீட்க முடியவில்லை. அதை சூப்பர் குளூவால் ஒட்டியிருந்தார்; உள்பக்கம் முழுக்க அதன் ஆவி வெண்புகையாகப் படிந்திருந்தது. அந்த இடத்துக்கு ஃபெவிகால் போதும் என்று சொல்லியனுப்பினேன்.