படகு மேனிஃபோல்டை ஜீப்பில் மாட்டும் முன் ஒரு நிமிடம்

சேலம் கோரிமேட்டில் பட்டறை வைத்திருப்பதால் ஏற்காட்டு மலைப்பாதையில் கொதித்து நின்ற வண்டிகள் நிறைய எங்களிடம் வரும். அப்படிக் கயிறு கட்டி இழுத்து வந்த ஒரு பழைய டீசல் ஜீப்பின் பானெட்டைத் திறந்ததும் திகைத்துவிட்டேன். மீன்பிடிப் படகில் வருகிற எக்சாஸ்ட் மேனிஃபோல்டு, அதாவது எல்லாச் சிலிண்டர்களின் புகையையும் சேர்த்துச் சைலன்சர் பக்கம் அனுப்பும் பாகம். கனமான வார்ப்பு இரும்பு, சுற்றிலும் தண்ணீர் ஓடும் அறை.

"காயலாங்கடையில கிடைச்சதுங்கண்ணா. போல்ட் ஓட்டை எல்லாம் அப்படியே உக்காந்துடுச்சு. தண்ணி ஓடுறதால பானெட்டுக்குள்ள சூடே இல்ல" என்றார் வண்டிக்காரத் தம்பி.

அவர் சொன்னது உண்மைதான். ஒரே எஞ்சின் வண்டிக்கு ஒரு வடிவிலும் படகுக்கு இன்னொரு வடிவிலும் வருவதுண்டு. ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) ஒன்றாக இருந்தால் மேனிஃபோல்டும் பொருந்தும். படகில் எஞ்சின் மூடிய அறைக்குள் கிடக்கிறது. காற்றோட்டம் குறைவு, அடியில் எண்ணெய்க் கசடு, சுற்றிலும் மரமோ ஃபைபரோ. அங்கே மேனிஃபோல்டு பழுக்கக் காய்ந்தால் தீப்பிடிக்கும். அதற்காகத்தான் இந்தத் தண்ணீர் அறை.

சரி, அந்தச் சூடு எங்கே போகும்? டீசல் எரிந்து வரும் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகையோடு சைலன்சர் வழியாக வெளியேறிவிடும். தண்ணீர் அறை போட்டால் அதில் ஒரு பகுதியைக் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்க ஓடும் தண்ணீர்) வாங்கிக்கொள்கிறது. படகுக்குக் கடலே இருக்கிறது, எவ்வளவு சூட்டையும் அதில் தள்ளிவிடலாம். ஜீப்புக்கு இருப்பது ஒரே ஒரு ரேடியேட்டர்.

சேலத்துக்குள் ஓட்டியவரை அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள், 1,200 மீட்டர் ஏற்றம். ஐந்து பேரோடு இரண்டாம் கியரில் ஏறும்போது எஞ்சின் முழு மூச்சில் உழைக்கும், ரேடியேட்டருக்கோ காற்று போதாது. உயரம் கூடக்கூடத் தண்ணீர் சீக்கிரமே கொதிக்கும், ஏற்காட்டில் திறந்த பாத்திரத்தில் 95 டிகிரி போதும். பாதி மலையில் கொதித்தது. பதற்றத்தில் தம்பி ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டார், முன்னங்கை வெந்துவிட்டது. தயவுசெய்து, எஞ்சின் நன்றாக ஆறும்வரை அந்த மூடியைத் தொடவே தொடாதீர்கள்.

ஆறவைத்து, தண்ணீர் ஊற்றி, எப்படியோ மேலே போய்விட்டார்கள். மறுநாள் காலையில் ஸ்டார்ட்டர் 'டக்' என்று நின்றது. பேட்டரி போய்விட்டது என்று நினைத்து, இறக்கத்தில் உருட்டிக் கியரைப் போட்டிருக்கிறார்கள். வண்டி அதற்கப்புறம்தான் என்னிடம் வந்தது. டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கழற்றி எஞ்சினைக் கையால் சுற்றினேன், ஒரு சிலிண்டரிலிருந்து தண்ணீர் பீய்ச்சியடித்தது. கடல் உப்பு பல வருடம் அரித்ததில் மேனிஃபோல்டின் உள்சுவரில் ஊசித் துளை. எஞ்சின் நின்ற பிறகு கூலன்ட் அதன் வழியாகக் கசிந்து, திறந்திருந்த எக்சாஸ்ட் வால்வு வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. உருட்டிக் கியரைப் போட்டதில், பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளைந்திருந்தது. ஸ்டார்ட்டர் சுற்றாமல் நின்றபோதே விட்டிருந்தால் ராடாவது தப்பியிருக்கும்.

இதையும் மீறிப் போட்டே ஆகவேண்டும் என்பவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் மேனிஃபோல்டின் தண்ணீர் வழிகளை அடைத்து, காற்றழுத்தம் கொடுத்துத் தொட்டியில் முக்குங்கள், டியூபில் பஞ்சர் பார்ப்பதுபோல. ஒரு குமிழி வந்தாலும் அது வேண்டாம். மேனிஃபோல்டுக்குத் தனி ரேடியேட்டர், தனி பம்ப் வையுங்கள். படகுகளில் புகைக்குள்ளேயே தண்ணீரைக் கலந்துவிடும் எல்போ (வளைகுழாய்) ஒன்று வரும். அதைக் கழற்றாமல் இணைத்தால் கூலன்ட் முழுக்கச் சைலன்சர் வழியாகப் போய்விடும். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் உள்ள புதிய வண்டிகளில் இந்த வேலையே கூடாது. புகை 250, 300 டிகிரிச் சூட்டோடு வந்தால்தான் கன்வர்ட்டர் வேலை செய்யத் தொடங்கும்.

பானெட்டுக்குள் சூடு குறையவேண்டும், அவ்வளவுதானே? மேனிஃபோல்டின் மேல் ஓர் இடைவெளி விட்டுத் தகரத்தில் ஹீட் ஷீல்டு (சூட்டைத் தடுக்கும் மறைப்பு) அடித்து மாட்டுங்கள். டீசல் ஹோஸையும் ஒயரையும் தள்ளிக் கட்டுங்கள். அந்தத் தம்பிக்கும் பழைய மேனிஃபோல்டையே மாட்டி இதைத்தான் செய்துகொடுத்தேன்.

கழற்றியதை நீளவாக்கில் அறுத்துப் பட்டறை வாசலில் வைத்திருக்கிறேன். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கிறது. உள்சுவர் சில இடங்களில் தகரம் மாதிரி மெலிந்துபோய், விரல் வைத்தால் துரு உதிர்கிறது. இப்படி ஒன்றை வாங்கப் போகிறவர்கள் வந்து தொட்டுப் பாருங்கள்.