நியூஜெர்சியில் பழைய வீடு வாங்குகிறீர்களா? மண்ணுக்கடியில் எண்ணெய் டேங்க் இருந்தால் பொறுப்பு யாருடையது?

எடிசன், இஸ்லின், பிஸ்காட்டவே பக்கம் 1950, 60களில் கட்டிய வீட்டை விலை பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், சமையலறையைப் பார்ப்பதற்கு முன் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்துவிடுங்கள். அந்தக் காலத்தில் அங்கே ஏராளமான வீடுகளைக் குளிர்காலத்தில் சூடாக்கியது ஹீட்டிங் ஆயில்தான். பக்கவாட்டில் குழி தோண்டி, 550 கேலனோ 1000 கேலனோ பிடிக்கும் இரும்பு டேங்கைப் புதைத்துவிட்டார்கள். பிறகு தெருவுக்கு கேஸ் வந்தது, ஃபர்னஸ் மாறியது. டேங்க் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது, பல வீடுகளில் அடியில் கொஞ்சம் எண்ணெயோடு. இரும்பு துருப்பிடிக்கிறது, ஓட்டை விழுகிறது, எண்ணெய் மண்ணில் இறங்குகிறது. கடைசியில் பில் யார் கைக்கு வருகிறது? இன்றைக்கு வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவர் கைக்கு.

இது அநியாயம் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. 1976இல் வந்த ஸ்பில் ஆக்ட் என்ற மாநிலக் கசிவுச் சட்டம், கசிவுக்கு யார் காரணம் என்று முதலில் கேட்பதில்லை. சுத்தம் செய்ய வேண்டிய கடமையை நேராக உரிமையாளர் தலையில் வைக்கிறது. 1993 செப்டம்பர் 14க்குப் பிறகு வாங்கியவர் தப்பிக்க ஒரு வழி உண்டு: வாங்கும்போது முறையாக விசாரித்தேன், அப்படியும் தெரியவரவில்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். "ஏஜென்ட் ஒன்றும் சொல்லவில்லை" என்பது விசாரித்ததாக ஆகாது. சட்டப் பின்னணி இவ்வளவு போதும்.

யாரும் வந்து கேட்க மாட்டார்கள், அதுதான் ஆபத்து

வீட்டு உபயோகத்துக்கான ஹீட்டிங் ஆயில் டேங்க்குகளை மாநிலச் சுற்றுச்சூழல் துறையான டிஇபி கண்காணிப்பதில்லை. பெட்ரோல் பங்க் டேங்க்குக்கு இருப்பதுபோல் பதிவோ, ஆண்டுப் பரிசோதனையோ கிடையாது. கசியாத டேங்கை எடுத்தே தீர வேண்டும் என்று மாநிலச் சட்டமும் சொல்லவில்லை. இதைக் கேட்டதும் விற்பவரும் ஏஜென்ட்டும் "அப்போ பிரச்சினையே இல்லை" என்று முடித்துவிடுகிறார்கள். கசியாத வரைதான் அந்தப் பேச்சு. கசிந்தது தெரிந்த நிமிடத்திலிருந்து மொத்தச் சட்டமும் உங்கள் மேல் வந்து உட்காரும்.

2024 ஆகஸ்ட் 1 முதல், வீடு விற்பவர் வீட்டின் நிலையைப் பற்றி ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும். மண்ணுக்கடியில் டேங்க் உண்டா என்ற கேள்வியும் அதில் இருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் விற்பவர் தனக்குத் தெரிந்ததைச் சொன்னால் போதும். பாட்டி வீட்டை விற்கும் பேரனும், ஆறு மாதத்துக்கு முன் வாங்கிப் பெயின்ட் அடித்து விற்கும் ஃப்ளிப்பரும் மனசாட்சி உறுத்தாமல் "தெரியாது" என்று எழுதிவிட முடியும். அந்தப் பதிலை நம்பி வாங்காதீர்கள்.

நீங்களே பாருங்கள். சுவரோரம் காளான் குடை போல மூடியோடு நிற்கும் ஒன்றரை, இரண்டு அங்குலக் குழாய் இருந்தால் அது டேங்கின் காற்றுக் குழாயாக இருக்கலாம். புல்லுக்குள் தரைமட்டத்தில் ஓர் உலோக மூடி இருந்தால் எண்ணெய் ஊற்றிய வாயாக இருக்கலாம். ஃப்ளிப்பர் இந்த இரண்டையும் வெட்டி, மேலே டெக் கட்டியிருப்பார். அதனால் பேஸ்மென்ட்டுக்கு இறங்குங்கள். ஃபர்னஸ் பக்கத்தில் தரையோடு அல்லது வெளிச்சுவரோடு பென்சில் கனத்தில் செப்புக் குழாய் ஒன்றோ இரண்டோ வெட்டி நசுக்கி விடப்பட்டிருக்கிறதா? சுவரில் பொருத்தமில்லாமல் ஒரு சிமென்ட் ஒட்டு இருக்கிறதா? போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பேஸ்மென்ட் முழுக்கப் பலகை அடித்து மறைத்த வீட்டில்தான் இன்னும் கவனம் வேண்டும்.

அப்புறம் டேங்க் ஸ்வீப். உலோகம் கண்டுபிடிக்கும் கருவியும் தரை ஊடுருவும் ரேடாரும் கொண்டு வந்து தேடுவார்கள். சில நூறு டாலர்தான். வழக்கமான ஹோம் இன்ஸ்பெக்ஷனில் இது சேராது. தனியாகச் சொல்லி, தனியாகக் காசு கொடுக்க வேண்டும். எங்கே தேடினார்கள், எங்கே தேட முடியவில்லை என்று வரைபடத்தோடு எழுத்தில் வாங்குங்கள். டெக்குக்கு அடியில், கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு அடியில் கருவி சரியாகப் பார்க்காது. வாயால் சொல்லும் "க்ளியர்" எதற்கும் உதவாது. நாளைக்கு நீங்கள் "விசாரித்துத்தான் வாங்கினேன்" என்று காட்ட வேண்டி வந்தால், அந்தக் காகிதம்தான் சாட்சி.

டவுன்ஷிப் காகிதத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்

நான் பார்த்ததில் அதிகம் பேர் சறுக்கிய இடம் இதுதான். "டேங்கை அப்போதே மணல் போட்டு மூடிவிட்டோம், பெர்மிட் இருக்கிறது" என்று விற்பவர் ஒரு பழைய டவுன்ஷிப் சான்றிதழை நீட்டுவார். கசியாத டேங்கைச் சுத்தம் செய்து, மணலோ ஃபோமோ நிரப்பி அங்கேயே விடுவதற்குச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் டவுன்ஷிப் கட்டட அலுவலகம் கையெழுத்துப் போட்டது, வேலை கட்டட விதிப்படி முடிந்தது என்பதற்கு மட்டும்தான். மண்ணில் எண்ணெய் இல்லை என்று அது சொல்லவே இல்லை. மண் மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்பினார்களா என்று கேளுங்கள். பெரும்பாலும் இருக்காது. உங்களுக்குக் கடன் தரும் வங்கியும் இன்சூரன்ஸ் கம்பெனியும் இதைக் கிளறலாம். நீங்கள் விற்கும்போது வாங்க வருகிறவர் கட்டாயம் கிளறுவார்.

கசிவு இருந்து சுத்தம் செய்த வீட்டுக்கு வேண்டியது டிஇபி தரும் என்எஃப்ஏ கடிதம், அதாவது மேற்கொண்டு நடவடிக்கை தேவையில்லை என்ற கடிதம். அதையும் முழுக்கப் படியுங்கள். அது குறிப்பிட்ட கேஸ் எண்ணுக்கும் குறிப்பிட்ட டேங்க்குக்கும் மட்டுமே செல்லும். சில வீடுகளில் இரண்டு டேங்க் இருந்திருக்கிறது. ஒன்றுக்குக் கடிதம் இருப்பதால் இன்னொன்று சுத்தமாகிவிடாது.

காகிதங்களைத் தேட ஓப்ரா என்ற பொதுப் பதிவேட்டுச் சட்டம் இருக்கிறது. முகவரியோடு மனையின் பிளாக் எண், லாட் எண்ணையும் எழுதி டவுன்ஷிப் க்ளார்க்குக்கு ஒரு விண்ணப்பம், டிஇபிக்குத் தனியாக ஒரு விண்ணப்பம். ஓரிடத்தில் கேட்டால் இன்னோரிடத்துக் கோப்பு வராது, இரண்டையும் போட வேண்டும். ஏழு வேலை நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பது விதி. ஏழாவது நாள் "இன்னும் அவகாசம் வேண்டும்" என்று ஒரு பதில் வருவதும் சகஜம். அதனால் வீடு பிடித்த அன்றே போட்டுவிடுங்கள். ஒப்பந்தம் கையெழுத்தானதும் அதை உங்கள் வழக்கறிஞர் படித்துத் திருத்த, அட்டர்னி ரிவ்யூ என்று மூன்று வேலை நாள் கிடைக்கும். அதற்குள் டேங்க் பற்றிய நிபந்தனையை உங்கள் அட்டர்னியிடம் சொல்லிச் சேர்த்துவிட வேண்டும்.

அந்த நிபந்தனை இப்படி இருக்கட்டும்: டேங்க் இருந்தால் விற்பவர் தன் செலவில் எடுக்க வேண்டும், கசிவு இருந்தால் என்எஃப்ஏ கடிதம் வந்த பிறகுதான் க்ளோஸிங், அதாவது பணம் கொடுத்து வீட்டை உங்கள் பெயருக்கு மாற்றுவது. "ஒரு தொகையை எஸ்க்ரோவில், மூன்றாமவர் கையில், வைக்கிறோம், க்ளோஸிங் முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். தோண்டாமல் யாராலும் செலவைச் சொல்ல முடியாது. கசியாத டேங்கை எடுக்கச் சில ஆயிரம் டாலர் ஆகும். மண் கெட்டிருந்தால் பல பத்தாயிரத்துக்குப் போகும். நிலத்தடி நீருக்கு எண்ணெய் போயிருந்தால் அதற்கும் மேல். சுற்றுச்சூழல் பொறுப்பு அத்தனையிலிருந்தும் விற்பவரை விடுவிக்கிறேன் என்ற வரி ஒப்பந்தத்தில் ஒளிந்திருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். காரணம் கீழே வருகிறது.

கசிவு தெரிந்துவிட்டால்

முதலில் டிஇபி ஹாட்லைன், 1-877-927-6337. உடனே சொல்ல வேண்டும் என்பது சட்டம். கூப்பிட்டால் ஒரு கேஸ் எண் தருவார்கள். அதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள், இனி எங்கே போனாலும் அதைத்தான் கேட்பார்கள். சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்று மறைப்பவர்கள் உண்டு. மறைத்தால் இன்சூரன்ஸ், மானியம், பழைய உரிமையாளர் மேல் வழக்கு என்று எல்லாக் கதவும் உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

அதற்குப் பிறகு அலைச்சல். டவுன்ஷிப்பில் கேட்டால் "பெர்மிட் மட்டும்தான் எங்கள் வேலை, மண் டிஇபி பார்ப்பது". டிஇபியில் கேட்டால் "சான்று பெற்ற கான்ட்ராக்டரை வைத்துக்கொள்ளுங்கள்". இன்சூரன்ஸில் கேட்டால் "மாசு எங்கள் பாலிசியில் விலக்கு". விற்றவருடைய அட்டர்னி "உள்ளது உள்ளபடி வாங்கினீர்கள்" என்பார். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் நாலு பேரும் சொல்லி முடித்த பிறகு, வீட்டுக்காரர் தோண்டிய குழிக்குப் பக்கத்தில் தனியாக நிற்கிறார்.

அந்தக் குழி அருகில் நடப்பதுதான் மிகக் கொடுமை. டேங்கைச் சங்கிலி போட்டுத் தூக்கியதும், துரு உரிந்த அடிப்பக்கத்தில் பேனா முனை போகிற அளவு ஓட்டைகள் வரிசையாகத் தெரியும். மண் சாம்பல் நிறத்தில் இருக்கும், மண்ணெண்ணெய் வாடை மூக்கில் ஏறும். எல்லோரும் பதறிப்போயிருக்கும் அந்த நேரம் பார்த்து, ஒரு கான்ட்ராக்டர் டிரக் பானெட் மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துக் கேட்டதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு டன் மண்ணுக்கு இவ்வளவு என்று போட்டிருந்தது, எத்தனை டன் என்று எழுதவில்லை. அந்தக் குடும்பம் பயத்தில் போட்டுவிட்டது. நீங்கள் போடாதீர்கள். குழியைச் சுற்றித் தடுப்புக் கட்டி, பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடி, மாதிரியை மாநிலச் சான்று பெற்ற லேபுக்கு அனுப்பச் சொல்லுங்கள். முடிவு வந்ததும் இன்னொருவரிடமும் விலை கேளுங்கள். உச்சவரம்பு எழுதாத ஒப்பந்தம் வேண்டாம். மண் போய் இறங்கிய இடத்து எடைச் சீட்டுகளைக் கேட்டு வாங்குங்கள், பில்லில் உள்ள டன் கணக்கோடு ஒத்துப் பாருங்கள். கம்பெனிக்கும் வேலை செய்பவருக்கும் டிஇபி சான்று இருக்கிறதா, டேங்க் எடுப்பதற்கா அல்லது மண்ணை மதிப்பிடுவதற்கா என்றும் பாருங்கள். இரண்டும் வேறு வேறு சான்று.

இன்சூரன்ஸ் "இல்லை" என்று போனில் சொன்னதை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எழுத்தில் க்ளெய்ம் போட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். உங்கள் சொந்த மண்ணுக்குப் பாலிசி பணம் தராமல் போகலாம். ஆனால் நிலத்தடி நீர் உங்கள் சொத்து இல்லை. அது கெட்டிருந்தால் அடுத்தவருக்கு நேர்ந்த சேதம் என்ற வகையில் பாலிசியின் பொறுப்புப் பகுதி வேலை செய்யலாம். எண்ணெய்க்கென்றே தனி விலக்கு எழுதியிருக்கிறதா என்பதைப் பொறுத்தது அது. கசிவு ஒரே நாளில் நடப்பதில்லை என்பதால், நீங்கள் வீட்டில் இருந்த பழைய வருடங்களின் பாலிசிகளையும் தேடி எடுங்கள். பழைய பாலிசிகளில் விலக்கு வாசகம் இவ்வளவு இறுக்கமாக இருக்காது. முக்கியமான எச்சரிக்கை: சுத்தம் செய்து முடித்துவிட்டுச் சொல்லாதீர்கள். தாமதம் என்ற ஒரே காரணத்தை வைத்துத் தட்டிக்கழிப்பார்கள்.

பழைய உரிமையாளரிடம் பங்கு கேட்கவும் ஸ்பில் ஆக்ட் உரிமை தருகிறது. இத்தனை வருடத்துக்குள் கேட்க வேண்டும் என்ற கெடு அதற்கு இல்லை என்று நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் 2015இல் சொல்லிவிட்டது. மாரிஸ்டவுனில் ஒரு கடைத்தொகுதியில் புதைந்திருந்த ஹீட்டிங் ஆயில் டேங்க் பற்றிய வழக்குதான் அதுவும். கசிவு அவர் காலத்தில் நடந்தது என்று நீங்கள் காட்ட வேண்டும். டேங்கின் நிலையைப் போட்டோ எடுக்காமல் பழைய இரும்புக்கு அனுப்பிவிட்டால் எதை வைத்துக் காட்டுவீர்கள்? ஒப்பந்தத்தில் விடுதலை வரியை அடிக்கச் சொன்னதும் இதற்காகத்தான்.

மானியம் உண்டா?

உண்டு. நம்பித் திட்டம் போடாதீர்கள். நிலத்தடி பெட்ரோலியத் தொட்டிகளுக்கான நிதி ஒன்று 1997 முதல் இருக்கிறது. மனுவை டிஇபியும், பணத்தை ஈடிஏ என்ற பொருளாதார வளர்ச்சி ஆணையமும் பார்க்கின்றன. கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று இருவரிடமும் மாறி மாறிக் கேட்க வேண்டி வரும். வரிக்குரிய வருமானம் 2,50,000 டாலருக்குள், நிகரச் சொத்து 5,00,000 டாலருக்குள் இருக்க வேண்டும். குடியிருக்கும் வீடும் ஓய்வூதியச் சேமிப்பும் கணக்கில் வராது. இங்கே இரண்டு தவறு நடக்கிறது. மொத்தச் சம்பளத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டுத் தகுதியில்லை என்று விலகுகிறார்கள் சிலர். கழிவுகள் போக வரிக்குரிய வருமானம்தான் கணக்கு. வேறு சிலர் ஊரில் இருக்கும் மனையை எழுதாமல் விடுகிறார்கள். கையெழுத்துப் போட்டுத் தரும் உறுதிமொழி அது. எழுதிவிடுங்கள்.

கசியாத டேங்கை எடுப்பதற்கான மானியத்தை 2011இலேயே நிறுத்திவிட்டார்கள். கசிந்த டேங்க்குக்கும், நிதி தீர்ந்துபோய் வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள். அதனால் வேலையைத் தொடங்கும் முன், இப்போது மனு வாங்குகிறார்களா, பணம் இருக்கிறதா என்ற இரண்டு கேள்விக்கும் மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். "மானியம் நாங்களே வாங்கித் தருகிறோம், கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்று வரும் கான்ட்ராக்டரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: மானியம் வராவிட்டால் பாக்கி யார் தருவது? அந்தப் பதிலை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.